வெர்டாச்செல்லம் குறிப்புகள்

1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த சி. டி. கே, புரூக் கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் தென்னிந்தியாவில் மூன்று இடங்களில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பாண்டிச்சேரி, திருச்சினாப்பள்ளி, வெர்டாச்செல்லம். மூன்றாவது எங்கள் ஊர். விருத்தாசலம் என்றால் பிங்கான் பொம்மை, ப்யூஸ் கட்டை, பழமலைநாதர் கோயில் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். கல்லான கடல் உயிர் என்றால் எல்லோரும் அரியலூரைக் கைகாட்டுவார்கள். ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கே வாரணவாசியில் அருங்காட்சியகமும் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாறைத் துண்டு சின்னது. அதன் அடுக்குகளுக்குப் பரூர், பட்டி என்று உள்ளூர்ப் பெயர்களே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலப் பாறைகள் பற்றிய தொடக்ககால அறிக்கையிலேயே, அரியலூர் அடங்கிய திருச்சினாப்பள்ளிக்குச் சமமாக நம் ஊரும் உட்கார்ந்திருக்கிறது.

*

சேகரித்தவர்கள் இரண்டு பேர், விவரித்தவர் வேறொருவர். பெட்டிகள் கப்பலேறி லண்டனுக்குப் போயின. அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றைப் பிரித்து, 1846இல் ஜியலாஜிக்கல் சொசைட்டியின் ஏட்டில் நீண்ட அறிக்கை வெளியிட்டார். மீன்களை மட்டும் ஃபிலிப் எகர்ட்டன் பார்த்தார். பொறுக்கியவர், பெயரிட்டவர், பாதுகாத்தவர் என்று மூன்று தரப்பு, இரண்டு கண்டம். கூட்டு ஆய்வு என்பது இப்போது வந்த ஏற்பாடு என்று நினைக்கிறவர்கள் இந்த அறிக்கையைப் பார்க்க வேண்டும்.

சுருள் ஓட்டுக் கடல் உயிர்களான அம்மோனைட்டுகளுக்கு ஃபோர்ப்ஸ் வைத்த பெயர்கள் வேடிக்கை: இந்திரா, பிரம்மா, விஷ்ணு, சூரியா, வருணா. சேகரித்தவர்களையும் விடவில்லை. ஒன்று கேயி, ஒன்று கன்லிஃபி. கல்லை வெட்டி எடுத்துச் சுமந்த கூலியாட்கள் பெயரில் ஒன்றும் இல்லை.

வயது கணிப்பதில்தான் அவர் சறுக்கினார். பாண்டிச்சேரிப் படிவங்களைப் பழையவை என்றும், வெர்டாச்செல்லம், திருச்சினாப்பள்ளிப் படிவங்களை அவற்றுக்கு இளையவை என்றும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். பாண்டிச்சேரி அம்மோனைட்டுகள் அந்த இனமே பூண்டோடு அழிவதற்குச் சற்று முந்திய காலத்தவை, அதாவது 6.6 கோடி ஆண்டுக்கு முன்பு வந்த பேரழிவின் வாசலில் நின்றவை. ஒரு பெட்டியின் மேல் எழுதிய வயது தப்பினால், அதை நம்பி வரைகிற பரிணாம மரத்தின் கிளை எல்லாம் தப்பான உயரத்தில் முளைக்கும்.

*

டார்வின், 1859, பத்தாம் அத்தியாயம். உலகம் முழுவதும் உயிர் வடிவங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாறிவந்திருக்கின்றன என்று வாதிடும் இடம். ஐரோப்பியச் சுண்ணப்பாறையின் காலத்து உயிர்களைத் தொலைதூர நாடுகளிலும் அடையாளம் காணலாம் என்கிறார், அந்த வெள்ளைப் பாறையே அங்கு இல்லாவிட்டாலும். பட்டியலில் வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, டியெரா டெல் ஃப்யூகோ, நன்னம்பிக்கை முனை. கடைசியாக இந்தியத் தீபகற்பம். அவர் இந்தியாவில் கால் வைத்ததில்லை. அந்த ஒரு சொற்றொடர் அங்கே வந்து உட்கார, யாரோ எங்கோ பொறுக்கிய கல்லும், அதன் மேல் ஒட்டிய சீட்டும், அதைப் படித்த இன்னொருவரும் வேண்டியிருந்தது. ‘உயிரினங்களின் தோற்றம்’ எத்தனையோ பேர் அனுப்பிய தகவல்களைத் தொகுத்த புத்தகம். புறா வளர்ப்பவர்கள் உட்பட.

*

பிங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் பார்த்தது. புது இடத்திலிருந்து களிமண் வந்தால் உடனே மற்ற மண்ணோடு சேர்த்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு பட்டை செய்வார்கள், விரலைவிடச் சற்று நீளம். ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் சரியாக 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு கோடு கீறுவார்கள். பட்டையின் ஓரத்தில் குச்சியால் ஓர் எண். நிழலில் காய்ந்தபின் கோட்டுக்குக் கோடு அளப்பார்கள். சூளையிலிருந்து வந்தபின் மறுபடி அளப்பார்கள். 9.2 என்று வந்தால் சுருக்கம் 8 சதவீதம். ஒட்டும் தன்மை அதிகமுள்ள களி கூடுதலாகச் சுருங்கும், வெள்ளைச் சீனக்களி குறைவாகச் சுருங்கும். எது எவ்வளவு என்று தெரியாமல் கலந்து ஊற்றினால் அச்சிலிருந்து வரும்போது பொம்மை அழகாகத்தான் இருக்கும். சூளைக்குள் போனபிறகு கழுத்தில் விரிசல் விடும்.

இரண்டு ஆய்வுத் திட்டங்களின் அட்டவணைகளைச் சேர்ப்பதும் அப்படித்தான். ஒரு குழு வெயிலில் நடந்து, கண்ணில் பட்ட முழு அம்மோனைட்டுகளை மட்டும் எடுத்திருக்கும். இன்னொரு குழு ஒரு கூடை மண்ணைச் சலித்து, கடுகளவு சிப்பியையும் எண்ணியிருக்கும். இரண்டு பட்டியலிலும் ‘எண்ணிக்கை’ என்றே ஒரு பத்தி இருக்கும். கூட்டினால் கணினி மறுக்காது. ஓர் அட்டவணையில் காலியான கட்டம் ‘தேடினோம், இல்லை’ என்று பொருள்படும். மற்றதில் ‘தேடவே இல்லை’ என்று பொருள்படும். இந்தச் சுருக்க விகிதத்தை யார் அளந்து ஓரத்தில் குறித்துவைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. புத்திசாலித்தனமான நிரல் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பட்டை செய்து அளக்கிறவர்களுக்குத்தான் பஞ்சம்.

*

ஃபோர்ப்ஸுக்குப் பிறகு: ஹென்றி பிளான்ஃபோர்ட் நிலவியல் படத்தை வரைந்து 1862இல் வெளியிட்டார். தென்னாற்காடும் திருச்சியும் சேர்ந்த வேலை அது. ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த பிரிவுகள்தான் இன்றும் உலகப் பாறைப் பட்டியல்களில் நிற்கின்றன. கிடைத்த படிவங்களை விவரித்தவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1873 வரை தொகுதி தொகுதியாக எழுதினார், அடுத்த ஆண்டே யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது 36தான். 1890களில் வியன்னாவில் ஃப்ரான்ஸ் கோஸ்மாட் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தார்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், மூலப் படிவங்கள் ஊர் ஊராகச் சிதறிவிட்டன. ஃபோர்ப்ஸ் பெயரிட்டவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். ஸ்டோலிச்கா பெயரிட்டவை கொல்கத்தாவில், ஜியலாஜிக்கல் சர்வேயில். ஒரே உயிருக்கு இருவர் வெவ்வேறு பெயர் வைத்தார்களா என்று தீர்மானிக்க வேண்டுமானால் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பாண்டிச்சேரி அம்மோனைட்டுகளை ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கென்னடியும் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லைச் சேர்ந்த ஹெண்டர்சனும் சேர்ந்து திருத்தி எழுதியது 1992இல். ஃபோர்ப்ஸின் அறிக்கைக்கும் அதற்கும் நடுவில் 146 ஆண்டு.

இந்திராவையே எடுத்துக்கொள்வோம். 1846இல் ‘அம்மோனைட்ஸ் இந்திரா’. 1895இல் கோஸ்மாட் அதற்கென்று புதுப் பேரினம் உண்டாக்கி ‘சூடோஃபில்லைட்டிஸ் இந்திரா’ ஆக்கினார். தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கனடாவின் பசிபிக் கரையிலும் அதே இனத்தைக் கண்டெடுத்திருக்கிறார்கள். பாண்டிச்சேரிக்குப் பக்கத்துக் கடலில் வாழ்ந்தது உலகம் சுற்றியிருக்கிறது. ஆனால் பழைய பெயரை மட்டும் தேடுகிறவருக்கு அது ஒரே ஓர் ஊர்க்காரன். பெயர் இணைந்த பிறகுதான் பரவல் தெரிகிறது.

*

அமெரிக்காவில் ஜான் அல்ராயும் சார்ல்ஸ் மார்ஷலும் 1990களின் முடிவில் தொடங்கிய பேலியோபயாலஜி டேட்டாபேஸில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: அங்கே பெயர் என்பது உண்மையாகப் பதிவாவதில்லை, கருத்தாகப் பதிவாகிறது. ‘இந்த இனம் இந்தப் பேரினத்தில் சேரும் என்று இன்னார் இந்த ஆண்டில் சொன்னார்.’ அடுத்தவர் மறுத்தால் அது இன்னொரு வரி. பழைய வரியை யாரும் அழிப்பதில்லை. எந்தக் கருத்து இப்போது செல்லும் என்பதை ஒரு விதி தீர்மானிக்கிறது. சண்டை அப்படியே கோப்பில் இருக்கிறது. நம் பட்டா சிட்டாவில்கூட இவ்வளவு ஒழுங்காக வில்லங்கம் பதிவாவதில்லை.

இதற்கு முன் ஜாக் செப்கோஸ்கி என்பவர் ஆண்டுக்கணக்கில் நூலகத்தில் உட்கார்ந்து கடல் விலங்குக் குடும்பங்கள் எப்போது தோன்றின, எப்போது மறைந்தன என்று தனியாளாகத் தொகுத்தார். 1982இல் அவரும் டேவிட் ராப்பும் ஐந்து பேரழிவுகளைச் சுட்டிக்காட்டியது அந்தத் தொகுப்பை வைத்துத்தான். புதிதாக ஒரு கல்லையும் உடைக்கவில்லை. அடுத்தவர் உடைத்ததை ஒழுங்காக எண்ணினார்.

*

ஊர் பெயர். வெர்டாச்செல்லம், விருத்தாசலம், விருதாசலம், விருத்தாச்சலம். ஆங்கில எழுத்தில் எழுதினால் இன்னும் பத்துப் பதினைந்து தேறும். தேவாரத்துக்குப் போனால் திருமுதுகுன்றம். ரயில்வேக்கு மூன்றே எழுத்து, வி.ஆர்.ஐ. உயிரினப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள உலகம் முழுக்கப் பயன்படும் டார்வின் கோர் என்ற தரப்படிவம் 2009இல் ஒப்புதல் பெற்றது. அதில் இடத்துக்கு இரண்டு பத்தி உண்டு. ஒன்று திருத்திய இடப்பெயர். மற்றது ‘வெர்பாட்டிம்’, சீட்டில் எழுதியிருந்தது எழுதியிருந்தபடி, பிழையோடு. அட்சரேகை, தீர்க்கரேகை போடும்போது ‘எத்தனை மீட்டர் தப்பியிருக்கலாம்’ என்பதற்கும் தனிப் பத்தி. இந்தப் பத்திகளை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் பழைய பெட்டிகளோடு மல்லுக்கட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசிப் பத்தியைத்தான் முக்கால்வாசிப் பேர் நிரப்புவதில்லை. வெர்டாச்செல்லம் என்று மட்டும் எழுதிய ஒரு கல்லுக்கு இணையப் படத்தில் ஊரைத் தட்டி, வரும் புள்ளியைப் போட்டால், அது ஊர் நடுவில் எங்காவது போய் விழும். கோயில் வாசலில் கிரெட்டேசியஸ் கடல்.

*

நெய்வேலி. நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணை அகற்றும்போது வருகிற களிதான் இங்கே பிங்கானாகிறது. அந்தப் பழுப்பு நிலக்கரிக்குள் மகரந்தத் தூள் பத்திரமாக இருக்கிறது. 1960களில் சி. ஜி. கே. ராமானுஜம் அதை ஆராய்ந்து எழுதினார். வெகுகாலம் அந்த நிலக்கரி மயோசீன் காலத்தது என்றார்கள். பின்னால் வேறு சிலர் இல்லை, அது ஈயோசீன் என்றார்கள். மயோசீன் தொடங்கியது 2.3 கோடி ஆண்டு முன்பு, ஈயோசீன் முடிந்தது 3.39 கோடி ஆண்டு முன்பு. குறைந்தது ஒரு கோடி ஆண்டு வித்தியாசம். ஒரு தாவரக் குடும்பத்தின் வயதைக் கணிக்க இங்குள்ள மகரந்தத்தைப் பயன்படுத்துகிறவர் எந்தக் கட்டுரையை எடுத்தார் என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பமே மூத்ததாகவோ இளையதாகவோ ஆகும். வயதை மட்டும் எழுதி, யார் சொன்ன வயது என்று எழுதாத தரவுத்தளத்தை நான் நம்புவதில்லை.

*

முந்திரி. ஊரில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் மண்டலத்துக்கே தெரிந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் முந்திரியும் அதன் சொத்து. அங்கே வெளியிட்ட முந்திரி இரகங்கள்: வி.ஆர்.ஐ. 1, 1981. வி.ஆர்.ஐ. 2, 1985. வி.ஆர்.ஐ. 3, 1991. ரயில்வேயின் அதே மூன்று எழுத்து. ஆனால் வெளியீட்டுக்கு முன் இந்த மரங்களுக்கு வேறு பெயர் இருந்தது. முதலாவது எம் 10/4. இரண்டாவது எம் 44/3. மூன்றாவது எம் 26/2, இடையஞ்சாவடியில் எடுத்த விதையிலிருந்து வந்த கன்று. ஆய்வாளரின் கட்டுரையில் எம் 26/2 இருக்கும், நாற்றங்கால் பலகையில் வி.ஆர்.ஐ. 3 இருக்கும். மரபணு ஆய்வுக்கு இலை அனுப்பும்போது எந்தப் பெயர் உறையில் எழுதப்படுகிறதோ அதுதான் வெளிநாட்டுத் தரவுத்தளத்துக்குப் போகும். இரண்டும் தனித்தனியாகப் போனால் ஒரே மரம் இரண்டு இரகமாகிவிடும், பன்மயம் கூடியதுபோல் கணக்கு காட்டும்.

இன்னொரு தொல்லை. ‘எம்’ வேண்டாம் என்று யாராவது நீக்கிவிட்டு எக்ஸெல்லில் 10/4 என்று அடித்தால் அது ஏப்ரல் 10 ஆகிவிடும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அக்டோபர் 4. 26/2 பிப்ரவரி 26. சிரிப்பதற்கில்லை. மனித மரபணுக்களில் ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்ற சுருக்கப் பெயர்கள் எக்ஸெல்லில் தேதியாகித் தேதியாகி, 2020இல் மரபணுப் பெயர்க்குழுவே இறங்கிவந்து அந்தப் பெயர்களை மாற்றியது. மென்பொருள் திருந்தும் என்று காத்திருந்து அலுத்துப்போனார்கள் போலும்.

அகில இந்திய ஒருங்கிணைந்த முந்திரி ஆய்வுத் திட்டத்தில் விருத்தாசலம் ஒரு மையம். பாபட்லா, வெங்குர்லா, மாடக்கத்தரா, ஜார்கிராம் என்று கிழக்கிலும் மேற்கிலும் மற்ற மையங்கள், தலைமை கர்நாடகத்துப் புத்தூரில். ஒரே இரகத்தைப் பல மண்ணில் நட்டு, ஒரே படிவத்தில் விளைச்சலை எழுதுகிறார்கள். 1970களிலிருந்து நடக்கும் இந்த வேலையைத் ‘தரவு ஒருங்கிணைப்பு’ என்று யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. படிவம் நிரப்புவது என்கிறார்கள்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்காடுகள் சாய்ந்தன, 30, 40 வயது மரங்கள் வேரோடு. சாய்ந்த மரத்தை நட முடியாது. அது எந்த மரம், எந்த ஊர் விதை, என்ன காய்த்தது என்று எழுதியிருந்தால் அந்த எழுத்துதான் மிச்சம்.

*

மல்லாட்டை பற்றி ஒரு வரி. நாம் வறுத்துத் தின்பது இரண்டு காட்டு இனங்கள் தற்செயலாகக் கலந்ததில் பிறந்தது. ஒரு பெற்றோர் அராக்கிஸ் டுரானென்சிஸ், மற்றது அராக்கிஸ் இபயென்சிஸ். இரண்டின் மரபணுத் தொகுதியும் பன்னாட்டுக் கூட்டு முயற்சியில் 2016இல் வெளியானது. இரண்டாவதன் விதை பொலிவியாவில் ஒரே ஓர் இடத்திலிருந்து எடுத்தது, எண் 30076. அந்த எண்ணுக்கு முன்னால் சேகரித்த ஆறு பேரின் பெயர்ச் சுருக்கம் வரிசையாக நிற்கிறது: கிராபோவிக்காஸ், கிரிகரி, இன்னும் நால்வர். வரிசைப்படுத்திப் பார்த்தபோது பயிர்க்கடலையின் பாதி மரபணுத் தொகுதியோடு அது ஏறக்குறைய அச்சு அசலாகப் பொருந்தியது. ஆறு பேரும் அந்த ஒரு பையில் சீட்டு ஒட்டாமல் விட்டிருந்தால் தாய்வீடு இன்னும் தேடப்பட்டுக்கொண்டிருக்கும்.

*

2022இல் நேச்சர் ஈக்காலஜி அண்டு எவல்யூஷன் இதழில் ஒரு கட்டுரை. நுசைபா ராஜா முதலாசிரியர், இந்தியாவிலிருந்து தேவப்பிரியா சட்டோபாத்யாயும் ஆசிரியர்களில் ஒருவர். அந்த பேலியோபயாலஜி டேட்டாபேஸையே எடுத்து யார் ஊட்டிய தரவு என்று பார்த்தார்கள். கடந்த 30 ஆண்டுகளில் சேர்ந்ததில் 97 சதவீதம் வசதியுள்ள நாடுகளின் ஆய்வாளர்களிடமிருந்து. கல் எங்கள் ஊர்க் கல்லாக இருக்கலாம், வரி அவர்கள் எழுதிய வரி. குறை சொல்லி ஆகப்போவது என்ன? அடுத்த வரியை இங்கிருந்து எழுதலாம். ஆனால் முனைவர் பட்டத்துக்குப் புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்தால் மதிப்பு, பழைய ஐநூறு சீட்டுகளைச் சரிபார்த்து ஏற்றினால் மதிப்பில்லை என்ற நிலை இருக்கும்வரை எந்த மாணவர் அதைச் செய்வார்? அந்த மாணவரைத் திட்டவும் எனக்கு மனமில்லை.

*

ஜெர்மனியில் மெஸ்ஸல் என்ற பழைய சுரங்கக் குழி, டார்ம்ஸ்டாட் அருகே. 4.7 கோடி ஆண்டு பழமையான எண்ணெய்ப் பாறை. அதில் முந்திரிக்கொட்டை கிடைத்திருக்கிறது, காம்பு வீங்கிய பழத்தோடு. 2007இல் மான்செஸ்டர், வில்டே, காலின்சன் ஆகிய மூவர் அதற்கு அனகார்டியம் ஜெர்மானிக்கம் என்று பெயரிட்டார்கள். இன்று காட்டு முந்திரி இருப்பது மத்திய, தென் அமெரிக்காவில் மட்டும். அதன் நெருங்கிய பங்காளியான ஃபெகிமான்ரா ஆப்பிரிக்காவில். நடுவில் கடல். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் முந்திரி இருந்தது என்று தெரிந்ததும் இரண்டுக்கும் இடையே ஒரு வழி புலப்படுகிறது. ஃப்ளோரிடா, ஃபிராங்பர்ட், லண்டன் மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து, படிவத்தையும் உயிருள்ள மரங்களின் கனியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கிடைத்தது இது.

இதைப் படித்துவிட்டு நம் இரகங்களின் விவரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெஸ்ஸல் கொட்டை மில்லிமீட்டரில் இருக்கிறது, நீளமும் அகலமும். பாறையில் நசுங்கித் தட்டையானதை நிறுத்துப் பயனில்லை. விவசாயிக்கு வருகிற இரக அறிவிப்பில் இருப்பது கிராம்: வி.ஆர்.ஐ. 3க்குச் சுமார் 7 கிராம், பிறகு பருப்பு எத்தனை சதவீதம் என்று. சந்தைக்கு அது போதும். நிலையத்தின் பதிவேட்டில் நீள அகலமும் இருக்கும். அதை யாராவது வெளியே எடுத்து, எம் எண்ணையும் வி.ஆர்.ஐ. எண்ணையும் ஒரே வரியில் போட்டு ஏற்றினால் இரண்டு அட்டவணையும் ஒன்றோடொன்று பேசும். எக்ஸெல்லில் ஏற்றுகிறவர் முதலில் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிக்கொள்ளட்டும்.